எண்பது டாலர் மொசின் நாகாந்த் எங்கே போனது?

2000-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மேற்குக் கரையில் பந்தும் மட்டையும் கூடாரமும் விற்கிற விளையாட்டுச் சாமான் கடைகளிலேயே சோவியத் ராணுவத்தின் மொசின் நாகாந்த் ரைஃபிள்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். விலை எண்பது, தொண்ணூறு டாலர். ரஷ்ய ஆயுத ஆலை ஊர்களான துலாவிலோ இஷெவ்ஸ்கிலோ, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அவசர அவசரமாகச் செய்த துப்பாக்கி. கூடவே பயனெட், தோள்வார், தோட்டாப் பை, எண்ணெய் டப்பா எல்லாம் வரும். ஒரு ஜோடி நல்ல ஷூவின் விலைக்கு ஸ்டாலின்கிராட் காலத்துத் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிடும். இன்று அதே ரைஃபிள், அதே தேய்மானத்தோடு, நானூறு டாலர் பக்கம் போகிறது.

இடையில் அந்தத் துப்பாக்கி ஒன்றும் மேம்பட்டுவிடவில்லை. உலகத்தில் மொசின்கள் தீர்ந்துபோகவும் இல்லை. 1891 முதல் எல்லா வகைகளையும் சேர்த்தால் சுமார் 3.7 கோடி செய்திருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிறகு ஏன் விலை ஏறியது? ராணுவ உபரித் துப்பாக்கியின் விலையை அதன் தரமோ வயதோ அவ்வளவாகத் தீர்மானிப்பதில்லை. ஒரு நாடு தன் கிடங்கை எப்போது காலி செய்கிறது, இன்னொரு நாடு தன் துறைமுகத்தை எப்போது திறந்துவிடுகிறது, எப்போது மூடுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. சேகரிப்பாளர்கள் 'அந்தக் காலத்தில் எவ்வளவு சல்லிசு' என்று பெருமூச்சு விடும்போதெல்லாம், அவர்கள் பேசுவது உண்மையில் ஏதோ ஒரு அரசின் கையெழுத்தைப் பற்றித்தான்.

இந்த வியாபாரத்தின் முதல் பெரிய பெயர் பிரான்சிஸ் பானர்மேன். ஸ்காட்லாந்தின் டண்டீயில் 1851-இல் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு நியூயார்க் வந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் கடற்படைத் தளங்களில் ஏலம் விட்ட கயிறு, பாய்மரம், இரும்பு எல்லாவற்றையும் வாங்கி விற்றுத் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் ராணுவம் கழித்துப்போட்ட துப்பாக்கியைப் பழைய இரும்பாகத்தான் பார்ப்பார்கள், எடை போட்டு விற்பார்கள். அதைத் துப்பாக்கியாகவே விற்றால் கூடுதல் லாபம் என்று பிடித்துக்கொண்டவர் பானர்மேன். 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போர் முடிந்தபோது, அமெரிக்கா கைப்பற்றிய ஸ்பானிய ஆயுதங்களில் பெரும்பகுதியை அவரே வாங்கினார். அதோடு வெடிமருந்தும் வந்தது. அவ்வளவையும் நியூயார்க் நகருக்குள் வைக்க முடியாது என்ற நிலை வந்ததும், 1900-இல் ஹட்சன் நதியின் நடுவில் இருக்கும் பொலபெல் தீவையே வாங்கி, ஸ்காட்டிஷ் கோட்டை பாணியில் கிடங்கு கட்டினார். கரையோரம் ரயிலில் போகிறவர்கள் படிக்கும்படி சுவரிலேயே பெரிய எழுத்தில் கடைப்பெயர். பாதுகாப்புக் கிடங்கையே விளம்பரப் பலகையாக மாற்றிய ஆள்! 1920-இல், அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தீவின் வெடிமருந்துக் கட்டடம் வெடித்துச் சிதறியது. 1969-இல் தீ மீதியைத் தின்றது. இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

பானர்மேன் கேட்லாக் முந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். அதைப் பார்த்துத் தபாலில் வாங்கியவர்களில் நாடகக் கம்பெனிகள் உண்டு, பள்ளிக்கூடப் பயிற்சிப் படைகள் உண்டு, அருங்காட்சியகங்கள் உண்டு, சுவரில் மாட்ட ஆசைப்பட்டவர்களும் உண்டு. இன்று நாம் சொல்லும் சேகரிப்பாளர் என்ற இனம் உருவானதில் அந்தக் கேட்லாக்குக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எது என்ன மாதிரி, எந்தப் போரில் வந்தது, எந்த ஆண்டுக்குரியது என்று படத்தோடு அச்சிட்டதால், துப்பாக்கி வெறும் கருவியாக இல்லாமல் வகைப்படுத்தி அடுக்கக்கூடிய பொருளாகிவிட்டது.

அமெரிக்க அரசும் இந்தக் கடையில் ஒரு வாசல் திறந்தது. ஸ்பெயின் போரில் படைவீரர்களின் குறிபார்க்கும் திறன் போதவில்லை என்ற கவலையில் 1903-இல் துப்பாக்கிப் பயிற்சிக்கென ஒரு தேசிய வாரியம் அமைத்தார்கள். 1916-இல் குடிமக்கள் பயிற்சிக்கென ஓர் இயக்குநர் பதவி வந்தது. டிசிஎம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ராணுவத்துக்கு வேண்டாததை இந்த அலுவலகம் குடிமக்களுக்கு விற்றது. நாளைக்குப் போர் வந்தால் சுடத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதுதான் நோக்கம். பல பத்தாண்டுகளுக்கு நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் உறுப்பினராக இருந்தால்தான் வாங்க முடியும். 1963-இல் எம்1 கார்பைன் என்ற குட்டை ராணுவ ரைஃபிள் ஒன்றுக்கு இருபது டாலர் வாங்கினார்கள். ஒரு தனியார் சங்கத்தில் சேர்ந்தால்தான் அரசுப் பொருள் கிடைக்கும் என்பது என்ன நியாயம் என்று வழக்கு வந்து, 1979-இல் நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தள்ளுபடி செய்தது.

சரி, பெரிய வெள்ளம் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. போர் முடிந்தது மட்டும் காரணமில்லை. 1950-களில் நேட்டோ நாடுகள் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைப் பொதுவாக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு மாறின. பிரிட்டனில் பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்கு ஓய்வு. பெல்ஜியத்தின் புதிய ரைஃபிளான எஃப்என் எஃப்ஏஎல், பாதி உலகத்தின் கையில் ஏறியது. ஒவ்வொரு சுடலுக்கும் கையால் போல்ட்டை, அதாவது தோட்டா அறையை அடைக்கும் எஃகுத் தண்டை, இழுத்து மூட வேண்டிய பழைய ரைஃபிள்கள் ஐரோப்பிய, லத்தீன் அமெரிக்கக் கிடங்குகளில் லட்சக்கணக்கில் கிடந்தன. அவற்றைக் காப்பதற்கு ஆள், இடம், எண்ணெய் எல்லாம் வேண்டும். யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்ற நிலையில் அரசுகள் இருந்தன.

எடுத்துக்கொண்டு போனவர் சாம் கம்மிங்ஸ். 1927-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். கொஞ்ச காலம் சிஐஏவில் ஆயுத நிபுணராக வேலை பார்த்துவிட்டு, 1953-இல், இருபத்தாறாவது வயதில், பிற்பாடு இன்டர்ஆர்ம்ஸ் என்று பெயர்பெற்ற கம்பெனியைத் தொடங்கினார். வாஷிங்டனுக்குப் பக்கத்தில், அலெக்சாண்ட்ரியா நகரின் ஆற்றங்கரையில் கிடங்குகள். கப்பல் கப்பலாக மவுசர், என்ஃபீல்டு, கார்கானோ ரைஃபிள்கள் எல்லாம் அங்கே இறங்கின. உலகின் மிகப் பெரிய தனியார் ஆயுத வியாபாரி என்று பெயர் வாங்கினார். பின்னாளில் மொனாக்கோவில் குடியேறி, 1998-இல் அங்கேயே இறந்தார். அவர் தொழிலின் சூத்திரத்தில் மர்மம் எதுவும் இல்லை. புதிய துப்பாக்கிக்கு மாறும் ராணுவத்திடம் போய்ப் பழையதை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்பார். மூட்டை மூட்டையாக வாங்கினால் ஒன்றுக்குச் சில டாலர்தான் விழும். அமெரிக்கச் சில்லறைக் கடையில் அதையே இருபது, முப்பதுக்கு விற்கலாம்.

வாங்கியவர்கள் யார் என்பது முக்கியம். 1950-களில் பெரும்பாலானோர் சேகரிப்பாளர்கள் இல்லை, மான் வேட்டைக்காரர்கள். புது வேட்டை ரைஃபிள் நூறு டாலர் ஆகும்போது, இருபது டாலர் மவுசரை வாங்கி, முன்கட்டையை ரம்பத்தால் அறுத்து, குழலைக் குட்டையாக்கி, பயனெட் மாட்டும் கொக்கியைச் சீவிவிட்டால் வேலைக்கு ஆகும். வார இறுதியில் வீட்டுக் கொட்டகையில் செய்கிற வேலைதான். இன்றைய சேகரிப்பாளர்கள் அந்த ரம்பங்களை நினைத்து இன்னும் வயிறு எரிகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் கொஞ்சம் மிகையாகப் படுகிறது. அப்போது அவை வரலாற்றுச் சின்னம் இல்லை, மலிவான எஃகு. அத்தனை பேர் அறுத்ததால்தான் அறுக்காமல் மிஞ்சியவற்றுக்கு இன்று இந்த விலையே.

இந்த மலிவு எல்லோருக்கும் பிடித்ததா என்றால் இல்லை. அமெரிக்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகள் நியூ இங்கிலாந்து மாநிலங்களில் குவிந்திருந்தன. இருபது டாலர் மவுசர் அவர்கள் பிழைப்பில் மண் போட்டது. 1958-இல் மாசசூசெட்ஸ் செனட்டர் ஒருவர் ராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அவர் பெயர் ஜான் எஃப். கென்னடி. அது முழுதாக நிறைவேறவில்லை. அமெரிக்கா பிற நாடுகளுக்கு உதவியாகக் கொடுத்த துப்பாக்கிகள் வியாபாரிகள் வழியே திரும்பி வருவதற்கு மட்டும் அந்த ஆண்டு தடை வந்தது.

ஐந்து ஆண்டு கழித்து, 1963 மார்ச்சில், ஏ. ஹிடெல் என்ற பெயரில் சிகாகோவின் க்ளைன்ஸ் என்ற கடைக்கு ஒரு தபால் ஆர்டர் வந்தது. பத்திரிகை விளம்பரத்தில் இருந்த கூப்பனை வெட்டி, 21.45 டாலருக்குப் பணவிடை சேர்த்து அனுப்பியிருந்தார்கள். ஸ்கோப் பொருத்திய இத்தாலியக் கார்கானோ ரைஃபிளுக்கு 19.95, அனுப்பும் செலவு 1.50. டாலஸில் ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஹிடெல் என்பது லீ ஹார்வி ஆஸ்வால்டின் புனைபெயர். 1940-இல் தெர்னி தொழிற்சாலையில் செய்த அந்தத் துப்பாக்கி, வரிசை எண் சி2766, நவம்பரில் கென்னடியின் உயிரைக் குடித்தது.

சட்டம் உடனே வரவில்லை. கனெக்டிகட் செனட்டர் தாமஸ் டாட் தபால்வழித் துப்பாக்கி விற்பனைக்கு எதிராக ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்தார். மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் 1968-இல் அடுத்தடுத்துச் சுடப்பட்ட பிறகுதான் அது முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 22 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், லைசென்ஸ் இல்லாதவருக்கு மாநிலம் தாண்டித் தபாலில் துப்பாக்கி அனுப்புவதை நிறுத்தியது, ராணுவ உபரி இறக்குமதியையும் நிறுத்தியது. டாட் பிரதிநிதித்துவப்படுத்திய மாநிலம் கோல்ட், வின்செஸ்டர் ஆலைகளின் ஊர் என்பதைக் கவனிக்கலாம். துயரமும் தொழில்நலமும் ஒரே சட்டத்தில் கைகோத்திருந்தன. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பவர்கள் இரண்டு தரப்பிலும் இருக்கிறார்கள்.

அடுத்த பதினாறு ஆண்டுகள் வறட்சி. உள்ளே வந்தவையே கைமாறிக்கொண்டிருந்தன. ஆனால் 1968 சட்டமே இரண்டு ஓட்டைகளை, அல்லது சலுகைகளை, விட்டுவைத்திருந்தது. ஒன்று, 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி பழம்பொருள், சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே இல்லை. இரண்டு, ஐம்பது வயது கடந்து, முதலில் இருந்த வடிவிலேயே இருக்கும் துப்பாக்கிகளைச் சேகரிப்பவருக்கென்று தனி லைசென்ஸ். இன்றும் அதற்கு மூன்று ஆண்டுக்கு முப்பது டாலர்தான். அது இருந்தால் வேறு மாநிலத்திலிருந்து பழைய ரைஃபிள் நேராக வீட்டு வாசலுக்கு வரும். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். வியாபாரம் செய்யக் கூடாது. 1984-இல் செனட்டர் பாப் டோல் கொண்டுவந்த திருத்தம், இந்த வகையில் சேரும் ராணுவத் துப்பாக்கிகளை மீண்டும் இறக்குமதி செய்ய வழிவிட்டது. அணை திறந்தது.

அது எப்படிப்பட்ட நேரம் என்று பாருங்கள். சில ஆண்டுகளில் பெர்லின் சுவர் விழுந்தது, சோவியத் யூனியன் உடைந்தது. மூன்றாம் உலகப் போருக்கென்று கிரீஸில் முக்கிப் பெட்டிகளில் அடைத்து வைத்திருந்த துப்பாக்கிகளுக்குத் திடீரென்று வேலை இல்லை. புதிதாகப் பிறந்த அரசுகளுக்கோ டாலர் அவசரமாகத் தேவை. சீனாவிலிருந்து எஸ்கேஎஸ் ரைஃபிள் நூறு டாலருக்கும் கீழே வந்தது. யூகோஸ்லாவியாவிலிருந்து எம்48 மவுசர், ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மொசின். ஜெர்மானியரிடமிருந்து செம்படை பறித்த கே98கே மவுசர்களும் அதே வழியில் வந்தன. சோவியத் கிடங்குகளில் அவற்றைக் கழற்றிக் குவித்து, உறுப்புகளைக் கலந்து மாட்டி, எண்களை அழித்தோ மேலே பொறித்தோ ஒத்துப்போகச் செய்து, மரத்துக்கு ஷெல்லாக் பூசியிருந்தார்கள். அந்தக் காலத்துத் தேர்ந்த சேகரிப்பாளர்கள் இந்தச் செம்பழுப்பு மெருகைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். இப்போது அதையும் தேடுகிறார்கள்.

இருபது இருபதாக மரப்பெட்டியில் வரும் மொசின்களின் நிஜமான அனுபவம் காஸ்மோலின்தான். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் பெட்ரோலிய கிரீஸ் அது. பத்தாண்டுகள் கிடந்தால் இறுகி, மரத்துக்குள் ஊறி, போல்ட்டின் ஒவ்வொரு சந்திலும் அடைந்துவிடும். கோடையில் கட்டையைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்து உருக்குவார்கள். துடைத்தாலும் துடைத்தாலும் வியர்க்கும். சரியாகச் சுத்தம் செய்யாத மொசினில் நாலு தோட்டா சுட்டதும் சூட்டில் பிசின்போல் இளகி, போல்ட் கையோடு வராது. மொசினின் போல்ட்டே மோசம் என்று பெயர் பரவியதில் இந்த கிரீஸுக்குப் பாதிப் பழி சேர வேண்டும்.

தோட்டாவும் மலிவு. 440 தோட்டாக்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடி வைத்திருப்பார்கள், மீன் டின்னைப்போல் திறப்பான் வைத்து வெட்டித் திறக்க வேண்டும். பழைய சோவியத் தோட்டாக்களின் பற்றவைப்பு ரசாயனம் சுட்டபிறகு குழலுக்குள் உப்பை விட்டுப்போகும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஒரே இரவில் துரு ஏறும். எண்ணெய்க்கு உப்பு கரையாது என்பதால் முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பிறகுதான் எண்ணெய். இதைத் தெரியாமல் பாழாக்கிய குழல்கள் ஏராளம். வாங்குமுன் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பது இந்த உலகத்தில் மரியாதைக் குறைவு இல்லை, கட்டாயம்.

இதே சமயம் சுவிட்சர்லாந்து ராணுவத்தின் கே31 ரைஃபிள் வந்தது. இதுவும் ஆரம்பத்தில் நூறு டாலர்தான், ஆனால் மொசினும் இதுவும் ஒரே தொழிலின் பொருள் என்று நம்புவது கடினம். கைக்கடிகார நாட்டு வேலைப்பாடு, நேராக இழுத்து நேராகத் தள்ளும் போல்ட். கட்டையின் அடிப்பகுதி மட்டும் பனியிலும் சேற்றிலும் ஊன்றியதால் அரித்துக் கறுத்திருக்கும். அந்த அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றினால், உள்ளே ஒரு சின்னச் சீட்டு இருந்தாலும் இருக்கும். அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர், படைப்பிரிவு, ஊர். சுவிஸ் சிப்பாய்கள் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருந்தவர்கள், ஒரே ஆள் ஒரே துப்பாக்கியோடு பல ஆண்டு கழித்திருப்பார். அந்த முகவரிக்குக் கடிதம் போட்டுப் பதில் பெற்ற அமெரிக்கர்கள் உண்டு. நூறு டாலருக்கு வாங்கிய பொருளில் இப்படி ஒரு மனிதர் இருப்பது, இந்தப் பொழுதுபோக்கில் பலரை நிரந்தரமாக மாட்டிவிட்ட சங்கதி.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு பெரிய புதையல் போனது. நேபாளத்தில் காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனை ஆயுதக் கிடங்கு. 1857 கிளர்ச்சியை அடக்க நேபாளப் பிரதமர் ஜங் பகதூர் ராணா பிரிட்டிஷாருக்குப் படை அனுப்பி உதவினார். அந்த உறவில் பிரிட்டிஷ் துப்பாக்கிகள் நேபாளத்துக்கு வந்துகொண்டே இருந்தன. பிரவுன் பெஸ் மஸ்கட், பிரன்ஸ்விக், ஸ்னைடர், மார்ட்டினி ஹென்றி என்று ஒவ்வொரு தலைமுறையும் வந்து, அடுத்தது வந்ததும் கிடங்கில் போய்ப் படுத்துக்கொண்டது. ராணாக்கள் தாங்களே வடிவமைத்த கஹேந்திரா ரைஃபிளும் அங்கே இருந்தது. எதையும் எறியவில்லை, உருக்கவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா கட்லரி, இன்டர்நேஷனல் மிலிட்டரி ஆன்டீக்ஸ் என்ற இரண்டு வியாபார நிறுவனங்கள் நெடுங்காலம் பேசிப் பேசி 2003-இல் அதை மொத்தமாக வாங்கின. பல பத்தாயிரம் துப்பாக்கிகள், கூரை ஒழுகிய மண்டபங்களில் ஒரு நூற்றாண்டுத் தூசியோடு.

அவற்றில் பெரும்பாலானவை 1898-க்கு முந்தையவை. ஆகவே அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கியே இல்லை, லைசென்ஸ் தொல்லையும் இல்லை. வியாபாரிகள் இரண்டு விலை வைத்தார்கள்: சுத்தம் செய்ததற்கு ஒன்று, கிடந்தபடியே அழுக்கோடு கொடுப்பதற்கு அதைவிடக் குறைவாக ஒன்று. அழுக்குத் துப்பாக்கியை விரும்பி வாங்கியவர்கள் நிறையப் பேர். வாரக்கணக்கில் உட்கார்ந்து சுரண்டும்போது, கட்டையில் தேவநாகரி எண்ணும் இரும்பில் விக்டோரியா அரசியின் கிரீடமும் மெல்ல மெல்ல வெளியே வரும். மார்ட்டினி ஹென்றி எல்லாம் அருங்காட்சியகத்தில் மட்டும் பார்க்க வேண்டிய அரிய பொருளாக இருந்தது போய், நடுத்தரச் சம்பளக்காரர் வாங்கும் பொருளானது. அந்தச் சரக்கின் பெரும்பகுதி விற்றுப்போனதும் விலை திரும்ப ஏறத் தொடங்கியது.

இந்தியாவிலிருந்தும் போயிருக்கிறது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை, 1962 சீனப் போருக்குப் பிறகான ஆண்டுகளில், லீ என்ஃபீல்டை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ப, வலுவான எஃகில் புதிதாகச் செய்தது. 2ஏ, 2ஏ1 என்று பெயர். பழைய .303 அளவு லீ என்ஃபீல்டை மாற்றித் துளைத்தது என்று நினைத்துப் பயப்படும் அமெரிக்கர்கள் இன்றும் இருக்கிறார்கள், அது தவறு. இவற்றை அங்கே ஒரு காலத்தில் மலிவு விலையில் வாங்கினார்கள், ஆனால் செய்த நாட்டில் ஒரு குடிமகன் வாங்க முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின்கீழ் ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் .303, 7.62 போன்றவை தடை செய்யப்பட்ட அளவுகள். அதனால்தான் நம் ஆர்டினன்ஸ் தொழிற்சாலைகள் அதே லீ என்ஃபீல்டு அமைப்பை வைத்து .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் என்று ஒன்றைப் பொதுமக்களுக்குச் செய்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது இரண்டே துப்பாக்கி. இரண்டை வைத்துக்கொண்டு என்னத்தைச் சேகரிப்பது? பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத்துத் துப்பாக்கிக்குச் சட்டம் விலக்கு தருகிறது.

இந்தியாவில் இப்படிச் சேகரிப்பு வளராததற்கு அதைவிட முக்கியமான காரணம், இங்கே .303 உபரியாகவே ஆகாமல் இருந்தது. 2008 நவம்பரில் மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்தில் ஏகே-47 ஏந்தியவர்களை எதிர்கொண்ட போலீஸ்காரர்கள் கையில் இருந்தது அந்தத் துப்பாக்கிதான். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு நாள் அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது. அமெரிக்கர்கள் 1950-களில் மான் சுட அறுத்துக்கொண்டிருந்த துப்பாக்கி.

அப்புறம் ஏன் அமெரிக்காவில் அந்த வெள்ளம் வறண்டது? வெள்ளம் வரும்போதே ஒவ்வொரு மதகாக மூடத் தொடங்கிவிட்டார்கள். 1994 மே மாதம் கிளின்டன் அரசு சீன ரைஃபிள், தோட்டா இறக்குமதியை நிறுத்தியது. 1996-இல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டு, எந்தெந்த வகைகள் வரலாம் என்று பட்டியல் போட்டார்கள். கிரிமியா விவகாரத்துக்குப் பிறகு 2014-இல் கலாஷ்னிகோவ் நிறுவனத்தின் மேல் தடை விழுந்தது. 2021-இல் ரஷ்யத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் புதிய இறக்குமதி அனுமதி இல்லை என்று அறிவித்தார்கள். மொசினும் மலிவுத் தோட்டாவும் ஒன்றாகப் போயின.

அமெரிக்கத் துப்பாக்கியின் கதை வேறு. கொரியப் போர்க் காலத்திலும் பிறகும் கொடுத்த எம்1 கேரண்ட் ரைஃபிள்கள் தென்கொரியாவில் எண்பதாயிரத்துக்கு மேல் கிடந்தன. அவர்கள் அவற்றை அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு விற்க விரும்பினார்கள். உதவியாகக் கொடுத்த ஆயுதத்தை மறுபடி விற்க வாஷிங்டன் ஒப்புதல் வேண்டும். ஒபாமா அரசு மறுத்தது, 2013 ஆகஸ்டில் இப்படித் தனியாருக்குத் திரும்பி வருவதையே பொதுவாக நிறுத்தியது. ஆனால் ராணுவமே திரும்பப் பெற்று, சிஎம்பி வழியாக விற்றால் தடை இல்லை. பழைய டிசிஎம் அலுவலகம் 1996-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தனி அமைப்பாக மாறியதுதான் சிஎம்பி. பிலிப்பைன்ஸிலிருந்து 86,000-க்கும் மேல், துருக்கியிலிருந்து 13,000 அளவில் கேரண்டுகள் அந்த வழியாக வந்தன. வெப்பமண்டல ஈரத்தில் கிடந்த பிலிப்பைன்ஸ் சரக்கின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. 1980-களில் 165 டாலருக்கு டிசிஎம் விற்ற கேரண்ட், இன்று சிஎம்பியின் நல்ல தரத்தில் ஆயிரம் டாலர் பக்கம்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. ராணுவங்கள் கழிக்கும் பொருளே மாறிவிட்டது. போல்ட் ரைஃபிளைக் கழித்தால் அது வேட்டைத் துப்பாக்கியாகலாம். எஃப்என் எஃப்ஏஎல், எம்14, ஏகே, எம்16 ஆகியவற்றில் பெரும்பாலானவை தொடர்ந்து சுடும்படி செய்தவை. அமெரிக்கச் சட்டத்தில் ஒருமுறை இயந்திரத் துப்பாக்கியாகப் பிறந்த ரிசீவர், அதாவது குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடல், என்ன மாற்றினாலும் இயந்திரத் துப்பாக்கிதான். 1986 மே 19-க்குப் பிறகு புதிதாக எதையும் குடிமக்கள் பெயரில் பதிய முடியாது. எனவே அவை முழுதாக வரவே வழியில்லை. ரிசீவரைத் தீயால் அறுத்துத் துண்டாக்கி, மீதி உறுப்புகளை மட்டும் பொட்டலமாக விற்றார்கள். 2005-இல் அந்தப் பொட்டலத்தில் குழல் வருவதையும் நிறுத்தினார்கள். அமெரிக்க ராணுவமே 1990-களில் எம்14-களை லட்சக்கணக்கில் நொறுக்கியது. பனிப்போருக்குப் பிறகு பல ஏழை நாடுகளின் உபரியை அழிக்க மேற்கத்திய அரசுகளே பணம் கொடுத்தன. உள்நாட்டுப் போர்களுக்குள் கசிவதைவிட உருக்குவது மேல் என்ற கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் குறை சொல்லத் தோன்றவில்லை, ஓர் அரிய மவுசர் அதில் போயிருந்தாலும்.

ஆக, இன்று சேகரிப்பது என்றால் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கைமாற்றுவது. எத்தியோப்பியாவிலிருந்து சில ஆண்டுகளாகப் புதிதாக ஒரு சரக்கு வருகிறது. முசோலினி படை விட்டுப்போன கார்கானோக்கள், பேரரசர் செலாசி வாங்கிய பெல்ஜிய மவுசர்கள், வெடித்த கட்டைகள், ஆணி அடித்து ஒட்டிய பழுதுகள். முப்பது ஆண்டுக்கு முன் இதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், இப்போது வரிசையில் நிற்கிறார்கள்.

விலை ஏறியதும் கண் கூர்மையாகிவிட்டது. எண்பது டாலர் மொசினில் யாரும் எண் பார்க்கவில்லை. இப்போது போல்ட், குழல், தோட்டாப் பெட்டியின் மூடி, அடித்தகடு எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண் இருந்தால் ஒரு விலை, ஒன்று மாறினாலும் வேறு விலை. இறக்குமதியாளர் பெயரை 1968-க்குப் பிறகு சட்டப்படி பொறிக்க வேண்டும். அந்த முத்திரை இல்லாத துப்பாக்கி, போர்வீரர் தானே கொண்டுவந்தது என்ற நம்பிக்கையில் கூடுதல் விலை பெறும். ஜப்பானிய ராணுவத்தின் அரிசாகா ரைஃபிளில் பேரரசரின் சாமந்திப்பூ முத்திரை சீவப்படாமல் இருந்தால் இன்னும் கூடுதல். சரணடைந்து ஒப்படைத்த துப்பாக்கிகளில் அதைத் தேய்த்து எடுத்திருந்தார்கள், போர்க்களத்தில் எடுத்தவற்றில் அப்படியே இருக்கும்.

விலை இருக்கும் இடத்தில் போலியும் வரும். சாதாரண மொசினில் ஸ்கோப் மாட்டி ஸ்னைப்பர் என்று விற்பது சர்வசாதாரணம். ஆஃப்கானிஸ்தான் போயிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சந்தையில் மார்ட்டினி ஹென்றி வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் கணிசமானவை பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பகுதிப் பட்டறைகளில் அரத்தால் ராவிச் செய்தவை. கிரீடத்துக்குக் கீழே விக்டோரியா அரசியின் முதலெழுத்துகள் இருக்கும், பக்கத்தில் 1901-க்குப் பிந்தைய ஆண்டு இருக்கும். அரசி இறந்தது 1901 ஜனவரியில். எழுத்தில் சில திருப்பிப் போட்டிருக்கும். இவற்றைச் சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது.

சுடக் கூடாதவை அசலிலும் உண்டு. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டில், ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்ததில் எட்டு லட்சத்துக்குக் கீழும், ராக் ஐலண்டில் செய்ததில் 285,507-க்குக் கீழும் வரிசை எண் உள்ள ரிசீவர்கள், எஃகைப் பதப்படுத்தியதில் நேர்ந்த கோளாறால் நொறுங்கக்கூடியவை. பழுத்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டை மதிப்பிட்டார்கள், வெயில் நாளில் நிறம் ஏமாற்றியது. அந்த எண்களுக்குக் கீழ் உள்ள துப்பாக்கி சேகரிப்பில் மதிப்பானது, முகத்தருகே வைத்துச் சுட ஏற்றதில்லை. இஷாப்பூரோ இஷெவ்ஸ்கோ, முன்பின் தெரியாத எந்தப் பழைய ரைஃபிளையும் தோட்டா போடுமுன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து, மூடிய போல்ட்டுக்கும் தோட்டா அறைக்கும் இடையிலான இடைவெளியை அளந்து பார்ப்பார்கள். எண்பது டாலர் காலத்தில் அளக்கும் கூலி துப்பாக்கி விலையில் பாதி ஆகுமே என்று தட்டிக்கழித்தார்கள். நானூறு டாலர் கொடுத்தவர்கள் அந்தக் கூலியைப் பற்றிப் பேசுவதில்லை.